விலா எலும்புக்கிடையில் ஒரு கல்முனை

அமெரிக்காவில் வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் கிடைக்கும் பழைய கல்முனைகளை எல்லாரும் பொதுவாக ‘அம்புமுனை’ என்றே சொல்கிறார்கள். ஆனால் சேகரிப்பாளர்கள் மிகவும் ஆசைப்படும் கிளோவிஸ், ஃபோல்சம் என்ற இரண்டு வகைகளும் அம்புக்கு உரியவையே அல்ல. ஈட்டியில் பொருத்தியவை, அந்த மண்ணில் வில் பரவுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தியவை.

இரண்டுக்கும் பெயர் தந்தவை நியூ மெக்சிகோ ஊர்கள். அடியிலிருந்து நுனி நோக்கி, சில்லு பெயர்த்து எடுத்த வாய்க்கால் போன்ற பள்ளம் இரண்டிலும் உண்டு. அந்தப் பள்ளத்தை வைத்தே அடையாளம் காண வேண்டும். கிளோவிஸில் அது பாதி உயரத்துக்குள் நின்றுவிடும். ஃபோல்சத்தில் ஏறத்தாழ நுனிவரை ஓடும். கிளோவிஸ் பெரிது, கனம். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு வெனாச்சியில், 1987இல் ஓர் ஆப்பிள் தோட்டத்தில் கிடைத்தவற்றில் சில 20 செ.மீ.க்கும் மேல். ஃபோல்சமோ உள்ளங்கைக்குள் அடங்கும், சில மில்லிமீட்டர் கனமே உள்ள தகடு. பள்ளம் எடுக்கும் அந்த ஓர் அடியில் கல் இரண்டாகப் போய்விடலாம்; அப்படி உடைந்தவை ஃபோல்சம் முகாம்களில் நிறையக் கிடைத்திருக்கின்றன. கைத்திறனைக் கேட்டால் நான் ஃபோல்சத்தையே சொல்வேன்.

அடிவிளிம்பை விரலால் தடவினால் இரண்டும் மழுங்கலாக இருக்கும். ஈட்டியோடு கட்டிய நரம்பு அறுந்துவிடாதபடி தேய்த்திருக்கிறார்கள். போலி செய்பவர்களுக்கும் இது தெரியும் என்பதால், தடவிப் பார்ப்பது மட்டும் போதாது. இன்று கல் செதுக்குவோர் பலர் செம்புக் கருவி பயன்படுத்துவதால், சில்லு பெயர்ந்த தழும்புகளில் செம்புத் தடம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் தேட வேண்டும்.

சந்தையில் அளவு, முழுமை, கல்லின் நிறம் ஆகியவையே விலை பேசும். எனக்கு அவற்றைவிட முனை கிடந்த இடம் முக்கியம். கிளோவிஸ் ஊருக்கு அருகிலுள்ள பிளாக்வாட்டர் டிராவில், ஃபோல்சம் முனைகள் கிடந்த மண்ணடுக்குக்குக் கீழே, மாமத யானை எலும்புகளோடு கிளோவிஸ் முனைகள் கிடந்தன. எது மூத்தது என்பதை அந்த அடுக்குகளே காட்டின.

கிடந்த இடம் ஏன் முக்கியம் என்பது ஃபோல்சத்தின் கதையில் இன்னும் தெளிவு. அடிமையாகப் பிறந்து, பின்னர் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த ஜார்ஜ் மெக்ஜங்கின், 1908 வெள்ளம் அரித்த ஓடையில் பெரிய எலும்புகளைக் கண்டார். இது சாதாரண மாட்டெலும்பு இல்லை என்று பலரிடம் சொல்லியும், அகழாய்வு நடப்பதற்குள் 1922இல் இறந்துவிட்டார். 1927இல், வெகுகாலம் முன்பே அழிந்துபோன இனக் காட்டெருமை ஒன்றின் விலா எலும்புகளுக்கிடையில் ஒரு முனை தெரிந்தது. தோண்டியவர்கள் அதை எடுக்கவில்லை. வேலையை நிறுத்தி, அறிஞர்களுக்குத் தந்தி அடித்தார்கள். வந்தவர்கள் குழிக்குள் இறங்கி, அது கிடந்தபடியே பார்த்தார்கள். அமெரிக்காவில் மனிதர் வாழ்ந்த காலம் மூன்று நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேல் போகாது என்ற வாதம் அந்தக் குழியில் சரிந்தது.

எலும்பும் மண்ணும் முனையும் ஒன்றாக வெட்டி எடுக்கப்பட்ட அந்தக் கட்டி, டென்வர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முனை இன்னும் விலா எலும்புகளுக்கிடையிலேயே கிடக்கிறது.