பாட்டுப் புத்தகமும் பறக்கும் தட்டும்

இரண்டு நாளாக நம்ம ஊரில் சாரல். வெளியே போக வழியில்லை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு பையன் வாட்ஸப்பில் படம் அனுப்பினான். பையன் என்று சொல்கிறேன், அவனுக்கே கல்லூரி போகிற மகள் இருக்கிறாள். வெளிநாட்டில் வேலை. வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி, அது நிறையப் பொம்மைகள். கறுப்பு முகமூடிக்காரன், வெள்ளைக் கவசம் போட்ட சிப்பாய்கள், உண்டியல் மாதிரி ஒரு குட்டி ரோபோ. பக்கத்தில் இருந்த பேரன் துள்ளிக் குதித்து, "ஆச்சி, இது எல்லாம் ஸ்டார் வார்ஸ்!" என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னான். படத்துக்குக் கீழே அந்தப் பையன் எழுதியிருந்தது இது: "டீச்சர், ஏழாங்கிளாஸ்ல என் ஸ்பைடர் புத்தகத்தப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டுனீங்க. இத யாரு பிடுங்குவா, பாப்போம்!"

சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "ஆச்சி, நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது இந்த மாதிரி விண்வெளிப் படம், பொம்மை எல்லாம் இருந்துச்சா?"

படம் இருந்தது. 1963-ல் தமிழிலேயே வந்தது. பெயர் 'கலை அரசி'. ஏ. காசிலிங்கம் இயக்கம், கே. வி. மகாதேவன் இசை. எம்.ஜி.ஆருக்கும் பானுமதி அம்மாவுக்கும் ஆளுக்கு இரண்டு வேடம். வேற்றுக் கிரகத்துக்காரர் யார் என்றால் நம்ம நம்பியார்! அதே 1963 நவம்பர் 21-ம் தேதிதான் மலைக்கு அந்தப் பக்கம் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் போனது. ராக்கெட்டுக்கு முன்பே பறக்கும் தட்டு வந்துவிட்டது என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பேன், உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தப் படத்தின் கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை. வெளிநாட்டுப் படங்களில் வேற்றுக் கிரகத்துக்காரன் வந்தால் பூமியைப் பிடிக்க வருவான், இல்லாவிட்டால் ஊரைக் கொளுத்த வருவான். நம்ம படத்தில் அவன் வருவது பாட்டு டீச்சர் தேடி! அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் எல்லாம் வளர்ந்துவிட்டது, சங்கீதம் மட்டும் இல்லை. அதற்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எம்.ஜி.ஆர் மீட்கப் போகிறார். இப்படி ஒரு காரணம் உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்குமா, எனக்குத் தெரிந்து இல்லை.

வெளிவந்தபோது நான் கைப்பிள்ளை. சில வருஷம் கழித்து டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். மணல் தரை, பெண்களுக்குத் தனி இடம், நடுவில் தடுப்பு. பறக்கும் தட்டு வந்தபோது பக்கத்தில் இருந்த பெரியம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் இடித்துக்கொண்டேன்.

சரி, படம் பார்த்தாச்சு. மறுநாள் காலையில் அந்தப் படத்திலிருந்து நம் கையில் என்ன மிச்சம்? பேரன் கேட்ட கேள்வியின் இரண்டாவது பாதி அதுதான்.

பொம்மை கிடையாது. பொம்மைக்குப் பஞ்சம் இருந்ததால் இல்லை. ஆத்துக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில்தான் மரச் சொப்புச் சாமான் கடைகிறார்கள். அரக்குச் சாயம் ஏற்றிய அடுப்பு, ஆட்டுரல், குடம், திருகை. இவ்வளவு கை வேலை தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தும் ஒரு எம்.ஜி.ஆர் பொம்மையோ ஒரு பறக்கும் தட்டோ கடைந்து விற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. படம் எடுக்கிறவர்களுக்கும் தோன்றவில்லை. அவர்கள் ஏரியா ஏரியாவாகப் படத்தை விற்றார்கள், வசூல் பார்த்தார்கள், அடுத்த படத்துக்குப் போனார்கள். குழந்தை கையில் காசு இருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் இல்லை. என் கையில் காசு வந்தது என்றால், காயப் போட்ட அப்பளத்தைக் காக்கா கொத்தாமல் காவல் இருந்ததற்கு ஆச்சி கொடுக்கிற காசுதான்.

அந்தக் காசுக்குக் கிடைத்தது பாட்டுப் புத்தகம். இடைவேளையில் கொட்டகைக்குள் கொண்டு வந்து விற்பார்கள். சாணித்தாள் மாதிரி ஒரு தாள், நான்கைந்து பக்கம், அட்டையில் மங்கலாக ஒரு படம். உள்ளே நடிகர் பெயர்கள், கதைச் சுருக்கம், பாட்டுகள். கதைச் சுருக்கம் சரியான இடத்தில் வந்து நின்றுவிடும், மீதியை வெள்ளித்திரையில் பார்த்துக்கொள் என்று.

இந்தப் புத்தகங்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அன்றைய படங்கள் பாட்டாலேயே நிரம்பியவை. தியாகராஜ பாகவதரின் முதல் படமான 'பவளக்கொடி'யில் (1934) ஐம்பது பாட்டு. வீட்டில் ரேடியோ இல்லை, கிராமபோன் பணக்காரர் வீட்டுப் பொருள். அப்புறம் ஜனங்கள் அந்தப் பாட்டுகளை எப்படி வீட்டுக்குக் கொண்டு போவார்கள்? பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கு இன்று பிலிமே கிடையாது. காளிதாஸ் படத்துக்கும் கிடையாது. எரிந்தது, உளுத்தது, எடைக்குப் போனது. அப்படிப் போன படங்களில் என்ன கதை, யார் நடித்தார், என்ன பாடினார் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இன்று தேடிப் போவது யாரோ ஒரு வீட்டுப் பரணில் தப்பிப் பிழைத்த பாட்டுப் புத்தகத்தைத்தான். கோடி போட்டு எடுத்த படம் போய்விட்டது, காலணாப் புத்தகம் நிற்கிறது.

என்னிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்து நான் வாசிக்க வாசிக்க அவள் ராகம் போட்டுப் பாடுவாள்.

பையன்களுக்குப் பாட்டுப் புத்தகம் போதாது. என் அண்ணன் கட்சி வேறு, பிலிம் துண்டுக் கட்சி. அறுந்துபோன பிலிமைத் துண்டு துண்டாக வெட்டிப் பெட்டிக்கடையில் விற்பார்கள். எம்.ஜி.ஆர் கத்திச் சண்டைத் துண்டு ஒன்றுக்கு மற்ற துண்டு இரண்டு மூன்று கொடுக்க வேண்டும். சும்மா ஆள் நிற்கிற துண்டை யாரும் சீண்ட மாட்டார்கள். மதியம் உச்சி வெயிலில் வீட்டைப் பூட்டி இருட்டாக்குவார்கள். வாசலில் ஒருவன் முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்புவான். பியூஸ் போன பல்பின் அடியை உடைத்து உள்ளே உள்ளதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். எதிரே அப்பாவின் வேட்டி. துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் எம்.ஜி.ஆர் நேராக நிற்பார். பெண் பிள்ளைகளை முன்னால் உட்கார விட மாட்டார்கள். நாங்கள் வேட்டிக்குப் பின்னால் இருந்து பார்ப்போம். எங்கள் எம்.ஜி.ஆர் இடது கையால் வாள் வீசுவார்.

பிற்காலத்தில் எட்டாம் வகுப்புக்குக் குவிலென்ஸ் பாடம் நடத்தினேனே, பல்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து? அது ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது இல்லை. அண்ணனிடம் கற்றது.

இனி அந்தப் பையனின் அலமாரிக்கு வருகிறேன். 1977 மே 25-ம் தேதி அமெரிக்காவில் ஸ்டார் வார்ஸ் வெளிவந்தது. எடுத்தவர் ஜார்ஜ் லூகாஸ். சின்ன வயதில் அவருக்கு ஃப்ளாஷ் கார்டன் பைத்தியம். அதையே படமாக எடுக்க உரிமை கேட்டார், கிடைக்கவில்லை. சரி, நாமே ஒன்று எழுதுவோம் என்று எழுதியதுதான் இது. அந்த ஃப்ளாஷ் கார்டனை நாமும் இந்திரஜால் காமிக்ஸில் படித்திருக்கிறோம். ஆக, அவரும் நம்மைப் போல ஒரு காமிக்ஸ் பிள்ளைதான்.

ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை. சம்பளத்தைக் கூட்டிக் கேட்காமல், அடுத்த பாகங்கள் எடுக்கும் உரிமையையும் பொம்மை, சட்டை, சாமான் விற்கும் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். படக் கம்பெனிக்கு அது பெரிதாகப் படவில்லை, கொடுத்துவிட்டது. கென்னர் என்ற கம்பெனி பொம்மை செய்ய ஒத்துக்கொண்டது. படம் இப்படி ஓடும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, பொம்மை தயாராகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வெறும் அட்டைப் பெட்டியை விற்றார்கள்! உள்ளே ஒரு சீட்டு, கொஞ்சம் ஸ்டிக்கர், பொம்மையை நிறுத்தி வைக்க அட்டையில் ஒரு மேடை. சீட்டை நிரப்பித் தபாலில் போட்டால் அடுத்த வருஷம் நான்கு பொம்மை வீட்டுக்கு வரும். பிள்ளைகள் காலி மேடையைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பெரும்பாலும் நான்கு அங்குலம் கூட இல்லாத பொம்மைகள், 1978 ஒரு வருஷத்திலேயே 4 கோடிக்கு மேல் விற்றன. 2012-ல் டிஸ்னி அந்தக் கம்பெனியை 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியபோது, படத்துக்கு மட்டுமா கொடுத்தார்கள்?

இதில் ஒன்று கேளுங்கள். முதுகில் இருந்து குட்டி ஏவுகணை பாய்கிற மாதிரி ஒரு பொம்மை செய்தார்கள். குழந்தைகள் தொண்டையில் சிக்கிவிடும் என்று பயந்து விற்காமல் நிறுத்திவிட்டார்கள். மாதிரிக்குச் செய்தவை மட்டும் சில மிஞ்சின. அதில் ஒன்று 2024-ல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. நம் கணக்கில் 4 கோடி ரூபாய்க்கு மேல். விற்காத பொம்மைக்கு!

அதே 1978-ல் நமக்கு வந்தது விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி'. பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும். அதற்கு ஒரு சொப்புச் செட் போட்டிருந்தால் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் எங்கேயோ போயிருப்பார்கள். போகட்டும்.

நமக்கு விண்வெளியும் மாயமும் கையில் வந்து சேர்ந்தது சிவகாசி வழியாக. 1972-ல் அங்கே சௌந்திரபாண்டியன் என்பவர் முத்து காமிக்ஸ் தொடங்கினார். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வந்த கதை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தனியாக அந்தரத்தில் தெரியும். தீப்பெட்டிக்கும் காலண்டருக்கும் அச்சடித்த அதே ஊர்தான் இதையும் அச்சடித்தது. என் அண்ணன் கரண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அடி வாங்கியது அந்த வருஷம்தான். 1984-ல் அவர் மகன் விஜயனின் ஆசிரியப் பொறுப்பில் லயன் காமிக்ஸ் வந்தது. அதில் ஸ்பைடர் என்று ஒருவன். கூர் காது, கூர் மண்டை, பறக்கும் ஹெலிகார், வலை பாய்ச்சும் துப்பாக்கி. திருடனாகத் தொடங்கி நல்லவனாக மாறியவன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் பின்னால் அவன் கதைகளை எழுதினார். ஏழாம் வகுப்புப் பையன்களில் பாதிப் பேர் அந்த நாளில் ஸ்பைடர் கட்சி, எனக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்துக்குள் அவன் மண்டை நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்படி நீட்டிக்கொண்டிருந்ததைத்தான் அன்றைக்குப் பிடுங்கினேன். பரீட்சை நேரம், எனக்குக் கோபம். அவன் அழவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டான். அதை நான் திமிர் என்று நினைத்தேன்.

போன வாரம் போனில் பேசும்போது சொன்னான். அது அவன் புத்தகம் இல்லையாம். நாள் வாடகைக்கு எடுத்தது. திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்றதும் கடை அண்ணாச்சி முழு விலையும் கேட்டிருக்கிறார். வீட்டில் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டு, ஒரு மாதம் போல, அந்தக் கடைக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றிக் கழித்திருக்கிறான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர், சும்மா சொன்னேன்" என்றான். அந்த ஒரு மாதமும் அவன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெஞ்சு மேல் ஏற்றியதும் நான்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிடுங்கிய அன்று ராத்திரி அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து முழுக்கப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வருஷக் கடைசியில் கொடுக்கலாம் என்று வைத்தேன். அவன் வேறு பள்ளிக்கூடம் போய்விட்டான்.

நேற்று பேரனை ஏற்றிப் பரணில் இருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். பாட்டுப் புத்தகங்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. 'கலை அரசி' அட்டை மட்டும் தனியாகக் கிடக்கிறது, உள்ளே பாட்டு இல்லை. அதற்கு அடியில் ஸ்பைடர் இருக்கிறான். முதுகுப் பின் துருப்பிடித்திருக்கிறது, பக்கம் ஒன்றும் குறையவில்லை. பின்னட்டையில் வாடகைக் கடை முத்திரையும் மங்கலாகத் தெரிகிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள், தம்பி. அலமாரியில் ஓர் இடம் ஒதுக்கி வை. பேரன் படித்துக்கொண்டிருக்கிறான், முடித்துவிடுவான். பம்பரமும் கோலிக்காயும் கேட்டு மற்றவர்கள் யாரும் வர வேண்டாம். அதெல்லாம் என்னிடம் இல்லை.