குடிமராமத்து

ஏரி, கண்மாய், வாய்க்கால் ஆகியவற்றை, அவற்றின் நீரால் பயன்பெறும் ஊராரே கூலியின்றிக் கூடிப் பழுதுபார்க்கும் வழக்கம். ‘மராமத்து’ அரபு வழி வந்த சொல். வழக்கமோ அச்சொல்லுக்கு மிக முந்தையது.

சோழர் காலம்: முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்கு (ஏரியைக் கவனிக்கும் குழுவுக்கு), பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை முறையில் 6 பேரைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. பதவிக் காலம் 360 நாள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக் கூடாது. ஏரிப் பராமரிப்புக்கென்றே ‘ஏரிப்பட்டி’ என நிலம் விடும் வழக்கமும் இருந்தது.

வேலையும் ஆதாயமும்: கோடையில் ஏரி வற்றியதும் வேலை தொடங்கும். ஆயக்கட்டு (ஏரிப் பாசனம் பெறும்) நிலத்தின் அளவுக்கேற்ப வீட்டுக்கு இத்தனை ஆள் என்று கணக்கு. வண்டலை வெட்டிக் கூடையில் சுமந்து கரையை உயர்த்துவார்கள். மடை, கலிங்கு (உபரிநீர் வழியும் இடம்) ஆகியவற்றில் அடைப்பை நீக்குவார்கள். வண்டல் வயலுக்கு உரமாகவும் போகும். மீன் பாசி ஏலமும் கரை மரங்களின் வருமானமும் ஊர்ப் பொதுவுக்குச் சேரும். மடை திறந்து முறை வைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் அளப்பார்கள். ஆள் அனுப்பாதவர் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மண் சுமந்தவர் எல்லாரும் நிலமுடையோர் அல்லர்; நிலக்கிழார் பலர் தம் பண்ணையாட்களை அனுப்பியே கடமையைக் கழித்தனர்.

சரிவு: ஆங்கிலேயர் ஆட்சியின் ரயத்துவாரி முறையில் வரி உழவருக்கும் அரசுக்கும் இடையிலான நேர்க் கணக்கானது, ஏரி அரசுச் சொத்தானது. மராமத்துக்கு ஊரில் தங்கிய பணம் குறைந்தது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி ஆள் அனுப்பாதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு வசூலிக்க வழிசெய்தது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் பொதுப்பணித் துறையும் அமைந்தது. உழைப்பு ஊரிடமும் உரிமை துறையிடமும் நின்றதால் தண்டத்தாலும் வழக்கத்தைக் காக்க முடியவில்லை. பின்னர்க் கிணறும் மின்மோட்டாரும் பெருக, ஏரியை நம்பாத உழவர்கள் உருவாயினர்.

மறுவருகை: தமிழகத்தில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. 2000-இல் பாசன அமைப்புகளின் மேலாண்மையில் விவசாயிகளுக்குப் பங்கு தரும் சட்டம் வந்தது. 2017-இல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் தொடங்கியது. செலவில் 10 விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ ஆயக்கட்டுதாரர் தர வேண்டும் என்பது விதியாக இருந்தது. பாசன விவசாயிகள் சங்கங்களின் பெயரில் ஒப்பந்ததாரர்களே வேலை செய்ததாகப் பல இடங்களில் குறை எழுந்தது.

ஊரார் கூடி வந்தது தொண்டுள்ளத்தால் மட்டுமன்று. நீர்ப் பங்கும் வண்டலும் கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்கள் கையில் இருந்தவரை வந்தார்கள். இன்று குடிமராமத்து என்றால் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது அரசுத் திட்டமே.