ஆறு மாசக் கணக்கு

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. 2025 பொங்கலுக்கு முந்தின வாரம். நம்ம நண்பன் ஒருத்தனுக்கு ரயில்ல டிக்கெட் கிடைக்கல, ஆம்னி பஸ்ல கேட்ட காசுக்கு விமானத்துலயே போகலாம். கடைசில ஊர்க்காரங்க பன்னெண்டு பேர் சேந்து ஒரு வேன் பிடிச்சுக் கிளம்பிட்டாங்க. போகி அன்னிக்கு விடியக்காலம் ரெண்டரை மணி, விழுப்புரம் தாண்டி. டிரைவருக்கு அந்த வாரத்துல அது மூணாவது ட்ரிப். கண் அசந்துட்டார். ரோட்டோரம் பின்னாடி லைட்டே இல்லாம ஒரு லாரி நின்னுட்டு இருந்துச்சு. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்ல, நண்பனுக்குக் காறை எலும்பு முறிஞ்சிடுச்சு.

அரசு ஆஸ்பத்திரியில முதலுதவி, அப்புறம் இன்னொரு வண்டி பிடிச்சு நேரா ஊரு. பொங்கலும் அதுவுமா ஆஸ்பத்திரியில படுக்க முடியுமான்னு அம்மா சொல்ல, எலும்புக்கு நாட்டுக்கட்டு போட்டாச்சு. வேன் ஓனர் வீடு தேடி வந்து, "தம்பி, கேஸ் கீஸ்னு போகாதீங்க, செலவை நான் பாத்துக்கறேன்"னு அஞ்சாயிரம் குடுத்துட்டுப் போனார். அதுக்கப்புறம் அவர் போனை எடுக்கல.

ஜூன் மாசம் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு இருந்தப்ப வந்து பக்கத்துல உக்காந்தான். எலும்பு சரியாக் கூடல, பிளேட் வச்சு ஆபரேஷன் ஆச்சு, ரெண்டு மாசம் சம்பளம் போச்சு. "கேஸ் போடலாம்டா, ஆனா இப்ப வேணாம், தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம். எங்க சித்தப்பா 2003-ல அடிபட்டதுக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் போட்டாரு, காசு வந்துச்சே"ன்னான்.

சித்தப்பா பொய் சொல்லல. அவர் அடிபட்ட காலத்துச் சட்டப்படி அது சரி. நண்பன் அடிபட்ட காலத்துல அது தப்பு. இது எப்படின்னு தேடப்போய்த்தான் எழுபது வருஷக் கதை ஒண்ணு கிடைச்சது. (டிஸ்கி: நான் வக்கீல் இல்ல. சட்டத்தைப் புரோகிராம் மாதிரி படிக்கிற பொட்டி தட்டுறவன் மட்டும்தான்.)

நம்ம ஊர்ல மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல வந்தது. வண்டி ஓட்டணும்னா மூணாம் நபருக்கு இன்சூரன்ஸ் கட்டாயம்ங்கிற அத்தியாயம் அதுக்குள்ளயே இருந்தது. ஆனா அது நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1. அதுவரைக்கும் யார் மேலயாவது கார் ஏத்தினா, ஓனர் கையில காசு இருந்தா உண்டு, இல்லாட்டி இல்ல. இன்சூரன்ஸ் வந்த பிறகும் நஷ்டஈடு கேக்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும். கேக்குற தொகைக்கு ஏத்த மாதிரி கோர்ட் ஃபீஸ் கட்டணும். காலு போனவன் முதல்ல காசு கட்டிட்டு அப்புறம் வாய்தா வாய்தாவா அலையணும்.

இதுக்காகத்தான் 1956-ல சட்டத்தைத் திருத்தி, விபத்து நஷ்டஈட்டுக்குன்னே தனித் தீர்ப்பாயம் கொண்டு வந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா கூடவே ஒரு கெடுவும் வச்சாங்க. விபத்து நடந்த அறுபது நாளுக்குள்ள மனு போடணும். அறுபதே நாள்! தொடை எலும்பு உடைஞ்சவன் மாவுக்கட்டோட படுத்திருக்கிற காலத்துலயே கெடு முடிஞ்சிடும்.

இதுல இன்னொரு கூத்து. தீர்ப்பாயம் அமைக்கிறது மாநில அரசு கையில. உத்தரப் பிரதேசத்துல 1966 செப்டம்பர்ல ஒருத்தர் விபத்துல செத்துப்போறார். அந்த ஏரியாவுக்குத் தீர்ப்பாயம் அமைச்சதே 1967 மார்ச்சுல. அந்த அம்மா ஜூலையில மனு போட்டா, "கெடு தாண்டிடுச்சு"ன்னு இன்சூரன்ஸ் கம்பெனி நிக்குது. சர்வரே ஆன் பண்ணாம, ரிக்வெஸ்ட் டைம் அவுட்னு சொன்னா எப்படி? வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, அந்த அம்மாவுக்குச் சாதகமா 1975-ல தீர்ப்பு வந்துச்சு. நடுவுல 1969 திருத்தத்துல அறுபது நாளை ஆறு மாசமா ஆக்கிட்டாங்க. நம்ம கதாநாயகன் அறிமுகம் ஆகுறது இங்கதான்.

ஆறு மாசம் போதாதான்னு கேக்கலாம். ஜனங்க ஏன் லேட் பண்றாங்கன்னு பாத்தா, முக்காவாசிப் பேர் போலீஸ் கேஸ் முடியட்டும்னு காத்திருக்காங்க. டிரைவருக்குத் தண்டனை ஆனாத்தான் நமக்குப் பணம் வரும்ங்கிற நெனப்பு. இதை உடைச்சது நம்ம தமிழ்நாட்டு வழக்குதான். ராத்திரி நேரத்துல ஒரு தனியார் பஸ், ரோட்டுக்கு மேல தொங்கிட்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில மோதிடுச்சு. பாதிக்கப்பட்டவங்க 26 பேர், அதுல 8 பேர் அங்கயே இறந்துட்டாங்க. கிரிமினல் வழக்குல, இது கடவுள் செயல்னு டிரைவரை விடுதலை பண்ணிட்டாங்க. அப்ப நஷ்டஈடும் கிடையாதுன்னு பஸ் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1980-ல நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை ஏத்துக்கல. ஜெயிலுக்கு அனுப்புறதுக்குத் தேவையான நிரூபணம் வேற, நஷ்டஈட்டுக்குத் தேவையான நிரூபணம் வேற, ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்கன்னு சொல்லிட்டார். போதுமான தீர்ப்பாயங்களை அமைக்கச் சொல்லி மாநிலங்களுக்கும் ஒரு குட்டு வச்சார். அதாவது, போலீஸ் கேஸுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்ல. இது தீர்ப்பா வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியும், டீக்கடையில இன்னும் "மொதல்ல அந்த கேஸ் முடியட்டும்"தான்.

1988-ல புதுச் சட்டம், அமலானது 1989 ஜூலை 1. ஆறு மாசம் அப்படியே தொடர்ந்தது. நியாயமான காரணம் சொன்னா ஒரு வருஷம் வரைக்கும் தீர்ப்பாயம் மன்னிக்கலாம், அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது.

அப்புறம் 1994. என்னைக் கேட்டா, இந்தச் சட்டத்துக்கு வந்த அப்டேட்லயே உருப்படியானது இதுதான். நவம்பர் 14-ல இருந்து கெடுவையே தூக்கிட்டாங்க. ஆறு மாசம், ஒரு வருஷம் எதுவும் கிடையாது. சித்தப்பா மூணு வருஷம் கழிச்சுப் போட முடிஞ்சது இந்தத் திருத்தத்தாலதான். மத்தியப் பிரதேசத்துல ஒரு வருஷக் கெடு தாண்டி வெறும் சில நாள் லேட்டா மனு போட்டுத் தள்ளுபடி ஆன ஒருத்தர் உச்ச நீதிமன்றம் போனார். விபத்து நடந்தது 1990-ல, திருத்தத்துக்கு முன்னாடி. இருந்தாலும், வழக்கு இன்னும் நிலுவையில இருக்கிறதால அவருக்கும் அந்தப் பலன் உண்டுன்னு 1996-ல சொல்லிட்டாங்க.

அதே 1994-ல இன்னொரு மாற்றமும் வந்துச்சு, நம்மள மாதிரி பொழைக்க வந்தவங்களுக்கு ரொம்ப முக்கியம். அதுக்கு முன்னாடி, விபத்து நடந்த இடம் எந்தத் தீர்ப்பாயத்தோட எல்லையோ அங்கதான் மனு போடணும். நீங்க வேலை பாக்குறது சென்னை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம், அடிபட்டது உளுந்தூர்பேட்டைன்னா, உங்களுக்கு ஒரு டீக்கடை கூடத் தெரியாத ஊருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகணும். 1994-க்கு அப்புறம், நீங்க குடியிருக்கிற ஊர்லயோ தொழில் பண்ற ஊர்லயோ, இல்ல எதிராளி இருக்கிற ஊர்லயோ போடலாம். பண்டிகைக்கு ஊருக்குப் போறப்ப பாதி வழியில அடிபட்டவனுக்கு இதை விடப் பெரிய உதவி இல்ல.

நல்லா ஓடிட்டிருந்த புரோகிராமை யாராவது ரோல்பேக் பண்ணுவாங்களா? பண்ணாங்க. 2019-ல பெரிய திருத்தச் சட்டம். அபராதத்தை ஏகத்துக்கும் ஏத்தினாங்களேன்னு மீம்ஸ் போட்டோமே, அதேதான். அந்தச் சத்தத்துல இதை யாரும் கவனிக்கல. ஆறு மாசக் கெடு திரும்ப வந்திடுச்சு. 1988-ல இருந்த மன்னிப்பு வாசகம் கூட இல்லாம, மொட்டையா. இந்தப் பகுதி அமலுக்கு வந்தது 2022 ஏப்ரல் 1.

இதுக்கு அரசுத் தரப்பு நியாயம் ஒண்ணு இருக்கு. அதே நாள்ல வந்த விதிகள்படி, போலீஸ் 48 மணி நேரத்துக்குள்ள முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும், 90 நாளுக்குள்ள விரிவான அறிக்கை. அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவா எடுத்துக்கணும்னு சட்டமும் சொல்லுது. அதாவது அடிபட்டவன் ஓட வேண்டாம், சிஸ்டமே ஓடும். டிசைன் அருமை. ஆனா பொங்கல் நேரத்துல ஹைவே ஸ்டேஷன்ல இருக்கிற ஒரு ஏட்டய்யாவை நம்பி என் உரிமையை விட்டுட்டு உக்கார எனக்குத் தைரியம் இல்ல.

நண்பன் கதைக்கு வரேன். விபத்து ஜனவரி 13. ஆறு மாசம்னா ஜூலை 13, அதுவும் ஞாயித்துக்கிழமை. நாங்க பேசினப்ப கையில இருந்தது மூணு வாரம். அரசு ஆஸ்பத்திரியில முதல்ல காட்டினதால ஏ.ஆர். காப்பி இருந்தது, அது இருந்ததாலதான் எஃப்.ஐ.ஆரும் இருந்தது. நாட்டுக்கட்டு போட்ட நாலு வாரத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. இந்த எலும்பு அந்த விபத்துலதான் உடைஞ்சதுன்னு எதைக் காட்டுவீங்கன்னு வக்கீல் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஏ.ஆர். காப்பி மட்டும்தான். ஓனர் குடுத்த அஞ்சாயிரத்துக்கு ஏதாவது பேப்பர்ல கையெழுத்து போட்டியான்னு கேட்டார். போடல, தப்பிச்சான்.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை, சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்துல மனு தாக்கல் ஆச்சு.

அதே வருஷம் நவம்பர்ல, இந்தக் கெடுவே செல்லாதுன்னு தொடர்ந்த வழக்குகள்ல, அது முடிவாகுற வரைக்கும் ஆறு மாசம் தாண்டிச்சுங்கிற காரணத்துக்காக எந்த மனுவையும் தள்ளுபடி பண்ணாதீங்கன்னு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுச்சு. நண்பன் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "அப்ப தீபாவளிக்கே போட்டிருக்கலாம்ல?"ன்னு கேட்டான். இடைக்கால உத்தரவுன்னா என்னன்னு அவனுக்கு விளக்கி முடிக்கிறதுக்குள்ள என் லஞ்ச் பிரேக் முடிஞ்சிடுச்சு :-)