கணவாய்க்கு யார் பேர்?

தண்டலத்திலிருந்து பேசுறேன். போன வாரம் ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து, என்கூடத் தங்கியிருக்கிற தம்பியும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அவனுக்கு ஊர் தர்மபுரி. பொட்டலத்தைப் பிரிச்சா கணவாய் வறுவல். ஒரு வளையத்தை எடுத்து இழுத்துப் பார்த்துட்டு, "அண்ணே, இது மீனா, ரப்பரா?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய எபிசோட்.

கணவாய் மீன் இல்லை. நத்தை, சிப்பி வகையறாவைச் சேர்ந்த மெல்லுடலி. எங்க கடற்கரையில் மூணு விதமாச் சொல்வாங்க. உள்ளே வெள்ளை ஓடு இருந்தால் ஓட்டுக் கணவாய். அந்த ஓட்டைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்கள். எட்டுக் கை மட்டும் இருந்தால் பேய்க் கணவாய். ஒல்லியா, உள்ளே கண்ணாடி மாதிரி மெல்லிய தகடு இருந்தால் ஊசிக் கணவாய். தம்பி இழுத்துப் பார்த்தது இதைத்தான். இதற்கு மூன்று இதயம். ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, அதனால் நீல நிறம். எட்டுக் கைகளோடு, இரையை எட்டிப் பிடிக்க நீளமான இரண்டு கைகளும் உண்டு.

இந்திய ஊசிக் கணவாயின் அறிவியல் பெயரில் துவோசெல் என்றொரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் இந்த துவோசெல்? ஆல்ஃபிரெட் துவோசெல், பிரெஞ்சு இயற்கையியலாளர். பாரிஸின் புகழ்பெற்ற விலங்கியலாளர் கூவியேவின் மனைவிக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகன். 1818இல் வங்காளம் வந்து, பாரிஸ் அருங்காட்சியகத்துக்காக விலங்குகளைச் சேகரித்தார். 1824இல், 31 வயதில், நம்ம சென்னையில்தான் இறந்துபோனார். 1835இல் டோர்பினி என்ற அறிஞர் இந்தக் கணவாய்க்கு அவர் பெயரை வைத்தார். வட இந்தியச் சதுப்பு மானுக்கும் அதே பெயர்தான். வலை இழுத்தவன் பெயர் மட்டும் எதிலும் இல்லை.

நம்ம ஊர் ஆட்கள் இதை எழுத ஆரம்பித்தது பிறகுதான். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கி, 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. அங்கிருந்து கே. வீரபத்ர ராவ், பாக் விரிகுடாக் கணவாயின் வாழ்க்கையையும் மீன்பிடிப்பையும் பற்றி 1954இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அந்தக் காலத்தில் கணவாய் பெரும்பாலும் தூண்டிலுக்கு இரை. ஏற்றுமதி வந்த பிறகுதான் அதற்கு விலை வந்தது.

அப்பா தொண்டியில் வல்லம் வைத்திருந்தார். வலையில் கடல் புல்லோடு வெள்ளை வெள்ளையா, விரல் விரலா ஏதாவது வந்தால் உடனே கடலில் விட்டுவிடுவார். "அது கணவாய் முட்டைடா, அடுத்த வருஷச் சோறு"ம்பார். அப்போ எனக்கு அது சும்மா பேச்சாத் தெரிஞ்சது.

இப்போ கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். கணவாயின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம்தான். முட்டையிடும் பருவத்தோடு அதன் கதை முடிகிறது. பல வருஷம் வாழும் மீன் என்றால், ஒரு வருஷம் குஞ்சு பொரிக்காவிட்டாலும் பெரிய மீன் மிச்சமிருக்கும். கணவாயில் அந்த மிச்சம் கிடையாது. இந்த வருஷ முட்டை போனால், அடுத்த வருஷக் கணவாயும் போச்சு. அந்த முட்டைகள் ஒட்டியிருக்கும் கடல் புல்லின் மேல்தான் விசைப்படகின் இழுவை மடி உரசிக்கொண்டு போகிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கடற்பசு தின்னும் புல்தான் கணவாய்க்குத் தொட்டில். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்றும் பிழைக்கும். ஆனால் தடை நாளில் அடுப்பு எரியணும், அதுவும் நிஜம். அப்பா வல்லத்தை விற்றார், நான் கம்பெனிக்கு வந்தேன்.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கடைசி வளையத்தை எடுத்து என் தட்டில் வச்சான். "உங்க அப்பாவுக்குண்ணே"ன்னான்.

உங்க ஊர்க் கடலில் கணவாய்க்கு என்ன பேர்? எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.