கித்தாச் சட்டைக்குள் ஒரு வரலாறு



ஜப்பான்காரன் எடுத்த பூதப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கித்தாச் சட்டை போட்ட ஓர் ஆள் அட்டை வீடுகளை மிதித்துத் தள்ளுவான். நமக்குச் சிரிப்பு தாங்காது. 1969இல் வந்த ஒரு படத்தில் பழைய படத்துச் சண்டைகளையே வெட்டி ஒட்டிவிட்டார்கள்! அதையும் நான் ரசித்தவன்தான்.

ஆனால் முதல் படமான ‘காட்ஸில்லா’ சிரிக்க எடுத்ததல்ல. 1954 மார்ச்சில் அமெரிக்கா பிக்கினித் தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அந்தச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர்மேல் விழுந்தது, ஒருவர் இறந்தார். ஹிரோஷிமா அழிந்து ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா அந்தப் பயத்துக்கு உருவம் கொடுத்தார். பொம்மையை இம்மி இம்மியாய் நகர்த்திப் படமெடுக்க நேரமில்லை. அதனால்தான் ஹருவோ நகஜிமா என்ற நடிகர் அந்தக் கனத்த சட்டைக்குள் இறங்கி வெந்தார். நவம்பர் 3ஆம் நாள் படம் வெளிவந்தது.

அவர்கள் துயரத்துக்குப் படம் இருக்கிறது. 1942, 43இல் அதே ஜப்பான் ராணுவம் நம் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனதே, திரும்பாதவர்கள் பல்லாயிரம் பேராச்சே, அவர்களுக்கு என்ன இருக்கிறது? உங்கள் குடும்பத்தில் அப்படிப் போனவர் பெயர் தெரிந்தால் பிள்ளையிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வைத்திருக்கிறேன்.