ஷெல் ஸ்கிரிப்ட் வழிப் பிணைய மேலாண்மை: ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி

ஒரு கணினியின் கேபிள், வைஃபை, மொபைல் இணைப்புகளைத் திரையில் சொடுக்கி இயக்காமல், கட்டளைகளைக் கோப்பாக எழுதிவைத்து இயக்குவதே ஷெல் ஸ்கிரிப்ட் வழிப் பிணைய மேலாண்மை. எந்த லைன் வேலை செய்கிறது என்று பார்ப்பது, அறுந்ததை மீண்டும் இணைப்பது, ஒன்று போனால் அடுத்ததற்கு மாறுவது, நடந்ததைப் பதிவேட்டில் எழுதுவது ஆகியவை இதில் அடங்கும். இயந்திரத்தின் பக்கத்தில் பெட்டிபோல் பொருத்தப்பட்டு, திரையும் விசைப்பலகையும் இல்லாமல் இரவு பகலாக ஓடும் லினக்ஸ் கணினிகளுக்கு இதைவிட்டால் வேறு நல்ல வழி கிடையாது. இரு மாநில டவர்களும் ஒரே கூரைக்குள் எட்டும் ஓசூர்ப் பகுதி, இந்தக் கலையின் கடினமான கணக்குகளைக் காட்டும் இடம்.

எல்லையும் சர்க்கிளும்

ஓசூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. 1970களில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவற்றின் தொழிற்சாலைகள் தொடர்ந்து வந்தன. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. தர்மபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. பர்கூர், போச்சம்பள்ளி, குருபரப்பள்ளி, சூளகிரி என்று தொழில் கிழக்கே பரவியிருக்கிறது.

பிணையக் கணக்கில் முக்கியமானது இன்னொரு எல்லை. இந்தியத் தொலைத்தொடர்புச் சேவை 22 சர்க்கிள்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு ஒன்று, கர்நாடகம் மற்றொன்று. ஒரே நிறுவனமாக இருந்தாலும் சர்க்கிளுக்கு ஒரு பிணையக் குறியீடு உண்டு. ஏர்டெல்லுக்குக் கர்நாடகத்தில் 404-45, தமிழ்நாட்டில் 404-94. ஆகவே தமிழ்நாட்டு சிம் போட்ட மோடம் அத்திப்பள்ளிப் பக்கத்து டவரைப் பிடித்தால், அதே நிறுவனத்தின் டவரே ஆனாலும், தன்னை ரோமிங்கில் இருப்பதாகப் பதிவுசெய்யக்கூடும். ரோமிங்குக்குத் தனிக் காசு போன காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டதால் கைபேசி வைத்திருப்பவருக்கு இது பெரிய சங்கதி அல்ல. ஆளில்லாமல் ஓடும் பெட்டிக்கு அப்படி விட்டுவிட முடியாது.

லினக்ஸில் மொபைல் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில், ‘சொந்தப் பிணையத்தில் மட்டும் இணை’ என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. பழைய செலவுப் பயத்தில் யாராவது அதை இயக்கி வைத்திருந்தால், மோடம் பக்கத்து மாநில டவருக்குத் தாவிய கணமே டேட்டா இணைப்பு மறுக்கப்படும். சிக்னல் முழுக் கட்டமாக இருக்கும். நெட் மட்டும் வராது. ஸ்கிரிப்ட் சிக்னல் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கோளாறு அதன் கண்ணில் படவே படாது. மோடத்தின் பதிவு நிலை ‘சொந்தம்’, ‘ரோமிங்’, ‘தேடுகிறது’, ‘மறுக்கப்பட்டது’ ஆகியவற்றில் எது என்று கேட்டுப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதுவதே முதல் வேலை. ஒரு வாரப் பதிவைப் பார்த்தாலே தொல்லை எந்த நேரத்தில், எந்த டவரால் வருகிறது என்று தெரிந்துவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கலும் உண்டு. மொபைல் தரநிலைப்படி, ரோமிங்கில் போன கருவி தன் சொந்தப் பிணையம் திரும்பக் கிடைக்கிறதா என்று அவ்வப்போது தேட வேண்டும். தேடும் இடைவெளி சிம்மில் எழுதப்பட்டிருக்கும். 6 நிமிடத்தின் மடங்குகளாக 8 மணி நேரம் வரை போகலாம், எழுதப்படாவிட்டால் 60 நிமிடம். ஆனால் கருவி சும்மா இருக்கும்போதுதான் இந்தத் தேடல் நடக்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை அளவீடு அனுப்பிக்கொண்டே இருக்கும் தொழிற்சாலைப் பெட்டி சும்மா இருப்பதே இல்லை. அதனால் ஒருமுறை எல்லை தாண்டிய டவரைப் பிடித்தது, சொந்த டவர் நன்றாகக் கேட்கும்போதும் அங்கேயே தங்கிவிடலாம். ஷிஃப்ட் மாறும் இடைவேளையில் இணைப்பை ஸ்கிரிப்டே துண்டித்து மீண்டும் பதிவுசெய்ய வைப்பது இதற்குத் தக்க மருந்து.

கருவிகள்

ஸ்டீபன் போர்ன் பெல் ஆய்வகத்தில் எழுதிய ஷெல், 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. மைக் மூஸ் ‘பிங்’ நிரலை 1983 டிசம்பரில் எழுதினார். பிணைய இடைமுகத்தை அமைக்கப் பல்லாண்டு புழங்கிய ‘ஐஎஃப்கான்ஃபிக்’ கட்டளையின் இடத்தை லினக்ஸில் ‘ஐபி’ கட்டளை பிடித்துக்கொண்டது. 2004இல் ரெட் ஹாட் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜருக்கு ‘என்எம்சிஎல்ஐ’ என்ற கட்டளைவரி முகம் இருக்கிறது. இன்று எழுதப்படும் ஸ்கிரிப்ட்களில் பெரும்பகுதி அதைத்தான் கூப்பிடுகிறது.

இந்தக் கட்டளை தன் முடிவை ஓர் எண்ணாகத் திருப்பித் தரும். 0 வந்தால் வெற்றி. 3 வந்தால் நேரம் கடந்துவிட்டது. 4 என்றால் இணைப்பை உயிர்ப்பிக்க முடியவில்லை. 8 என்றால் நெட்வொர்க் மேனேஜரே ஓடவில்லை. 10 என்றால் அந்தப் பெயரில் இணைப்போ கருவியோ இல்லை. எண்ணைப் பார்த்து வேலை செய்யும் ஸ்கிரிப்ட் உறுதியானது. திரையில் வரும் சொற்களைப் படித்து முடிவெடுப்பது எளிதில் ஏமாறும், ஏனென்றால் அச்சொற்கள் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும். தமிழ்நாட்டில் இது கற்பனையான கவலை இல்லை. சிடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்கும். அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து அது மாணவர் கைக்கு வந்தது. தமிழ் இடைமுகம் வைத்த கணினியில் ஆங்கிலச் சொல்லைத் தேடும் ஸ்கிரிப்ட், எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு இல்லை என்று முடிவுகட்டும். ஸ்கிரிப்டின் தலையிலேயே மொழி அமைப்பை ‘சி’ என்று மாற்றிவிட்டால் தொல்லை தீரும். தமிழில் கணினி வைத்திருப்பது தவறே அல்ல. அதை எதிர்பார்க்காமல் எழுதுவதுதான் தவறு.

இரண்டு லைன், ஒரு முடிவு

தொழிற்கூடத்தில் வழக்கமாக ஒரு ஃபைபர் லைன், அதற்குத் துணையாக ஒரு சிம் என்று வைப்பார்கள். சாலை அகலப்படுத்தும்போதும் குழாய் பதிக்கும்போதும் ஃபைபர் வெட்டுப்படுவது தொழிற்பேட்டைகளில் பழகிய கதை. எந்த வழியை முதலில் எடுப்பது என்பதை ‘மெட்ரிக்’ என்ற எண் தீர்மானிக்கும். குறைந்த எண்ணுக்கே முதலிடம். நெட்வொர்க் மேனேஜர் தானாகவே கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600, மொபைலுக்கு 700 என்று கொடுக்கும்.

சிக்கல் வருவது கேபிள் அறுந்தால் அல்ல, பாதி அறுந்தால். தெருவில் ஃபைபர் வெட்டுப்பட்டாலும், உள்ளே ரவுட்டருக்கும் பெட்டிக்கும் இடையிலான கேபிள் நன்றாகவே இருக்கும்; விளக்கு எரியும்; கணினி ‘இணைந்துள்ளது’ என்றே சொல்லும். எனவே ரவுட்டரைத் தொட்டுப் பார்ப்பது போதாது, அதற்கு அப்பால் உள்ள ஒரு முகவரி எட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். அதுவும் குறிப்பிட்ட இடைமுகத்தின் வழியாக என்று ‘பிங்’ கட்டளையில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், ஏற்கெனவே சிம்முக்கு மாறியிருக்கும் கணினி சிம் வழியாகவே போய்ப் பதில் வாங்கி வந்து, ஃபைபர் சரியாகிவிட்டது என்று அறிவிக்கும். உடனே ஃபைபருக்குத் திரும்பும், மறுபடி தோற்கும், மறுபடி சிம்முக்கு ஓடும். இந்த ஊசலாட்டம் முழுத் துண்டிப்பைவிடக் கெடுதல், ஏனென்றால் நடுவில் போன அளவீடுகள் எந்தப் பக்கமும் சேராமல் போகின்றன.

இதற்குக் கைகண்ட விதி: விலகுவதற்குச் சில தோல்விகள் போதும், திரும்புவதற்கு அதைப்போல் பல மடங்கு வெற்றிகள் வேண்டும். மூன்று முறை பதில் வராவிட்டால் சிம்முக்கு மாறலாம். ஃபைபர் தொடர்ந்து பத்து நிமிடம் நிலைத்த பிறகே திரும்பலாம். எண்கள் இடத்துக்கு இடம் மாறும், விகிதம் தலைகீழாகக் கூடாது.

ஓடாத ஸ்கிரிப்ட்

கையால் இயக்கினால் ஓடுவது, ‘கிரான்’ வழியாகக் குறித்த நேரத்தில் ஓடவிட்டால் ஓடாமல் போவது இத்துறையின் நெடுநாள் வியாதி. கிரான் கட்டளைகளைத் தேடும் இடங்கள் குறைவு. சில லினக்ஸ்களில் ‘ஐபி’ இருக்கும் கோப்புறை அவற்றில் இருப்பதில்லை. முழுப் பாதையையும் எழுதினால் சரியாகும். ஒரு சுற்று முடியுமுன் அடுத்தது தொடங்கி இரண்டும் ஒன்றையொன்று இழுக்காமலிருக்க ‘எஃப்லாக்’ கொண்டு பூட்ட வேண்டும். நிமிடத்துக்கொரு முறை கேட்பதற்குப் பதில், இணைப்பு ஏறும்போதும் இறங்கும்போதும் நெட்வொர்க் மேனேஜரே கூப்பிடும் ‘டிஸ்பேச்சர்’ ஸ்கிரிப்டாகவும் வைக்கலாம். அது இடைமுகத்தின் பெயர், நடந்த நிகழ்வு என்ற இரண்டையும் கொடுத்து ஸ்கிரிப்டை அழைக்கும். கோப்பு ரூட் பயனருக்குச் சொந்தமாகவும், மற்றவர் திருத்த முடியாததாகவும் இருந்தால்தான் ஓடும்.

வைஃபை கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதக் கூடாது. அது ஓடும் நேரத்தில் அதே கணினியின் மற்றப் பயனர்கள் அதைப் படித்துவிட முடியும். தனிக் கோப்பில், உரிமையாளர் மட்டும் திறக்கும்படி வைப்பதே வழக்கம்.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சூளகிரியில் உள்ள பெட்டியின் இணைப்பை மாற்றுபவர், தான் உள்ளே வந்த அதே லைனைத் துண்டித்துவிடும் ஆபத்து உண்டு. பிறகு ஆள் அனுப்ப வேண்டியதுதான். உபுண்டுவில் ‘நெட்பிளான் டிரை’ என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது: புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 நொடி காத்திருக்கும், உள்ளிருந்து யாரும் உறுதிப்படுத்தாவிட்டால் பழையதையே திரும்பப் போட்டுவிடும். அந்த வசதி இல்லாத கணினியில், மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பைப் படியெடுத்து, ஐந்து நிமிடத்தில் அதை மீட்கும் கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டு, புதிய லைனில் மீண்டும் உள்ளே வர முடிந்த பிறகே அந்தக் கட்டளையை நிறுத்துவார்கள்.