குதிரைக்கு உடையவர்கள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று, தெற்கே பொன்மலையையும் வடக்கே இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களையும் காண்கிறவர்கள், அந்த வெளி முழுவதும் 1751 முதல் 1754 வரையில் சைந்யங்களின் பாளயமாகக் கிடந்ததென்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. அந்தச் சைந்யங்களுள் குதிரைவீரத்தில் தலைசிறந்தது, டில்லி பாதுஷாவுடையதுமன்று, ஆற்காட்டு நவாபுடையதுமன்று. மராட்டியத் தலைவரான முராரி ராவ் கோர்படே தம் பெயரின் பலத்தினாலேயே திரட்டி வைத்திருந்தது.

ஔரங்கசீப்புக்குப் பின் முகலாய சாம்ராஜ்யம் க்ஷீணித்து, மாதச் சம்பளம் கொடுக்க அரசுகளுக்கு வகையில்லாமற்போன காலம் அது. இத்தகைய படைகளில் சொந்தக் குதிரையும் ஆயுதமும் கொண்டு தானாக வந்து சேர்ந்தவன் சிலேதார். தலைவன் கொடுத்த குதிரையில் ஏறியவன் பார்கீர். சிலேதாருக்குக் குதிரையே காணி. அது குண்டுபட்டு விழுந்தால் அவனுடைய ஜீவனோபாயமும் அன்றே விழுந்தது. ஆகவே அவன் பீரங்கியின் எதிரே பாயத் தயங்கியதைக் கோழைத்தனமென்று சொல்வது நியாயமாகாது. போலந்து தேசத்தின் புகழ்பெற்ற ஹுஸ்ஸார் படையிலும் பிரபுக்கள் தங்கள் குதிரைகளோடுதான் வந்து சேர்ந்தார்கள். அந்த அரசு தளர்ந்தபோது அப்படையும் வெறும் அலங்காரமாகத் தேய்ந்தது.

முராரி ராவுக்குத் திருச்சி புதிய ஊரன்று. 1741-இல் ரகூஜி போன்ஸ்லேயின் மராட்டியர், அப்போது திருச்சியை ஆண்ட சந்தா சாகிபைச் சிறைப்பிடித்துக் கோட்டையைக் கைக்கொண்டபோது, அதன் அதிகாரியாக அமர்ந்தவர் அவரே. 1743-இல் நிஜாம் பெரும்படையுடன் வந்தபின்தான் வெளியேறினார். மறுபடி அவர் வந்தது, விடுதலையாகி வந்த சந்தா சாகிபோடு ஆற்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட முகம்மது அலிக்குச் சகாயமாக, மைசூர் மந்திரி நஞ்சராஜனின் பணத்தில். 1752-இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டு, அவருக்குத் துணையாக ஸ்ரீரங்கத் தீவிலிருந்த பிரெஞ்சுக்காரரும் சரணடைந்த பிறகு, உதவிக்கு ஈடாகத் திருச்சியைத் தருவதாக மைசூருக்குக் கொடுத்த வாக்கை முகம்மது அலி காப்பாற்றவில்லை. மைசூரார் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்தனர். முராரி ராவும் சேர்ந்தார். இதைத் துரோகமென்று எழுதுவோருண்டு. கூலியும் கொடாமல் வாக்கையும் மீறிய அரசனுக்கு, தன் குதிரையில் வந்த வீரன் எந்த விசுவாசத்தைக் கடன்பட்டிருந்தான் என்று நான் கேட்பேன்.

அப்படையின் திறம் 1754 பிப்ரவரியில் வெளிப்பட்டது. முந்திய வருஷம் பொன்மலையை மீட்டு, முகம்மது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயரின் மானத்தைக் காத்த கிரனேடியர்கள், தானியமும் தளவாடமும் ஏற்றிய வண்டிகளுக்குக் காவலாகத் திருவெறும்பூர்ப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். நீண்ட வரிசையாகச் சிதறியிருந்த அவர்கள்மீது மராட்டியரும் மைசூராரும் திடீரென்று பாய்ந்து, அணிவகுக்க அவகாசமின்றியே அழித்துவிட்டனர். மைசூர்க் குதிரைவீரரிடையே அன்று ஹைதர் அலியும் இருந்தார். ஆனால் இந்தச் சாகசங்களின் செலவை ஏற்றவர்கள் சுற்றுக் கிராமத்துக் குடியானவர்களே. ஆயிரக்கணக்கான குதிரைகள் மேய்ந்த வயலில் என்ன மிஞ்சியிருக்கும்? கொள்ளையில் பங்கென்ற ஊதியம், யாரோ ஒருவருடைய களஞ்சியத்திலிருந்துதானே வரவேண்டும்! போர்ச் சரித்திரங்கள் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்காமற்போவது எனக்கு வருத்தமே.

1776-இல், அதற்குள் மைசூரின் அதிபதியாகிவிட்ட ஹைதர் அலி, முராரி ராவின் குத்திக்கோட்டையைப் பிடித்து அவரைச் சிறையிலிட்டார். கப்பால துர்க்கத்தில் அவர் மாண்டார். 1784-இல் ஆங்கிலக் கம்பெனியார் ஆற்காட்டு நவாபின் குதிரைப்படைகளைத் தம் கீழ் ஏற்றபோது முன்னரே நிலுவையாய் நின்ற சம்பளத்துக்காக அவ்வீரர்கள் கலகம் செய்தார்கள். அதன்பின் சென்னை ராஜதானியின் நிரந்தரப் படைகளில் குதிரையும் சேணமும் சர்க்காருடையவை. வீரனுக்குரியது மாதச் சம்பளம் மட்டுமே.